பால் சொட்டும் நேரம்

பேரவையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அக்கா என்று மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் அழைத்தார். எதைப் பற்றி எழுதட்டும் என்று கேட்டேன். "தோட்டத்திலிருந்து வந்து படித்து ஆசிரியரான கதையை எழுதலாமே" என்றார். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கம்பளி ஆடை பின்னுவதைப் பற்றி எழுதுகிறேனே என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கம்பளியா? கோல சிலாங்கூரிலா?" என்றார்.

நியாயமான கேள்விதான். நண்பகலில் தார்ச்சாலையே உருகுவதுபோல் இருக்கும் ஊரில் கம்பளிச் சட்டைக்கு என்ன வேலை? ஆனால் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நான்கைந்து கம்பளிச் சட்டைகள் உருவாயின. காரணம், எங்கள் அத்தை. அப்பாவின் தங்கையான அவர் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அங்கே விடியற்காலைக் குளிரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன் அத்தையிடமிருந்து ஒரு கடித உறை வரும். கடிதம் இரண்டு வரிதான் இருக்கும். கூடவே பிள்ளைக்கு ஒன்றாக நூல் கயிறுகள் இருக்கும். ஒவ்வொரு கயிற்றிலும் மூன்று முடிச்சுகள். முதல் முடிச்சுவரை மார்புச் சுற்றளவு, அடுத்ததுவரை கை நீளம், கடைசி முடிச்சுவரை உடல் நீளம். எந்தக் கயிறு எந்தப் பிள்ளைக்கு என்பதை நூலின் நிறத்தை வைத்து அம்மா தெரிந்துகொள்வார். அங்குலம், சென்டிமீட்டர் என்ற பேச்சே கிடையாது.

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இருந்தது. 2007-இல் அந்த ஊரின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அம்மா 14 வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்திருந்தார். பின்னல் வேலையை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் கிராணி வீட்டு அம்மா. அவர் கேரளத்திலிருந்து வந்தவர். வார இறுதியில் அவர் வீட்டுக்குத் துணி துவைக்கப் போன இடத்தில், திண்ணையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அம்மா கற்றுக்கொண்டார். கடையில் விற்கும் பின்னல் கம்பிகள் வாங்கக் காசில்லை. பழைய மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளை வெட்டி, இரு முனைகளையும் அரைகல்லில் தேய்த்துக் கூர் எடுத்துத் தந்தார் அப்பா. அப்படி ஐந்து கம்பிகள். நான்கில் கண்ணிகள் வட்டமாக நிற்கும், ஐந்தாவது பின்னும். நூல் கிள்ளானில் வாங்கியது. 'உல்லன் நூல்' என்போம். உண்மையில் அதில் ஆட்டு ரோமம் ஒரு துளியும் கிடையாது, எல்லாம் அக்ரிலிக்.

சரி, விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாளெல்லாம் உழைக்கும் பெண்ணுக்குப் பின்னுவதற்கு நேரம் ஏது?

தோட்டத்தைப் பார்க்காத தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். பால்மரம் வெட்டுகிறவருக்கு ஒரு நிரை உண்டு. 500, 600 மரங்கள் இருக்கும். இருட்டோடு தொடங்கி ஒவ்வொரு மரமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். உளி பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குமேல் சீவக் கூடாது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனால் பால் வராது. வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சாய்வாக இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்திருப்பதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும். கடைசி மரத்தை வெட்டி முடித்தவுடன் பாலை எடுக்க முடியாது. மங்கில் பால் சொட்டி முடியக் காத்திருக்க வேண்டும். முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும்.

அந்த நேரம்தான் அம்மாவுக்குப் பின்னல் நேரம். கையில் ஒட்டிய பாலைத் தேங்காயெண்ணெய் தடவி உருட்டி எடுத்துவிட்டு, ஒரு மரத்தடியில் உட்காருவார். நூல் உருண்டை மைலோ டின்னுக்குள் இருக்கும். மூடியில் ஆணியால் போட்ட ஓட்டை வழியாக நூல் வெளியே வரும். அழுக்குப்படாது, உருண்டு ஓடாது. வரிசைக் கணக்குக்கு இரப்பர் விதைகள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு விதை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும். பள்ளி விடுமுறையில் பால் எடுக்க உதவிக்குப் போகும்போது இதைப் பார்த்திருக்கிறேன். விதைகளில் கைவைத்து விளையாடியதற்காக முதுகில் ஒன்று வாங்கியதும் உண்டு.

அப்படி உட்கார்ந்த ஒரு நாளில், எதிரே நின்ற மரத்தைப் பார்த்து அவர் ஒரு பூவேலையை உருவாக்கினார். சட்டையின் மேற்பகுதியைச் சுற்றிச் சாய்வுக் கோடுகள்; இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கி வரும். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் ஒரு சிறு குமிழ். அதுதான் மங்கு. 'பால் கோடு' என்று அதற்குப் பெயர் வைத்தார். 12 கண்ணிக்கு ஒரு கோடு. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, இரண்டிரண்டு கண்ணி இடப்பக்கம் தள்ளிப் போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் மரம் வெட்டுவதுபோல! பிற்காலத்தில் கணக்காசிரியையான பிறகு அந்தக் கோட்டின் சாய்வைக் கணக்கிட்டேன். 10 சென்டிமீட்டரில் 20 கண்ணி, 28 வரிசை என்றால், ஏறத்தாழ 35 பாகை வருகிறது. மரத்தில் வெட்டுக்கோடு இறங்குவது 30 பாகை அளவில். கோணமானி என்ற ஒன்றைத் தொட்டே பார்க்காத கை அது.

1989-இல் எங்கள் பிரிவில் பால்மரங்களைச் சாய்த்தார்கள். செம்பனை வந்தது. செம்பனை எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. இந்த நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்டதே எங்களுக்கு அருகிலிருந்த தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1930-இல் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றவர். தோட்டத்தின் பெயரில் தென்னை, நட்டது செம்பனை என்பதைச் சொல்லி அப்பா சிரிப்பார்.

அம்மா உரம் போடவும் உதிரிப் பழம் பொறுக்கவும் போனார். சம்பளத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் ஒன்று போய்விட்டது. செம்பனையில் காத்திருக்கும் நேரம் கிடையாது. குலை விழுந்தால் பழம் சிதறும்; பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், சாக்கு நிறையும் வரை. விரல் நுனிகளில் முள் குத்திக் குத்திக் கம்பியைப் பிடிக்க முடியாமல் போனது. அத்தையின் கயிறுகள் ஓரிரு ஆண்டுகள் வந்தன. பிறகு அத்தையே நிறுத்திவிட்டார். குளிர்ச்சட்டைகளைக் கடையில் வாங்கிக்கொண்டார்கள். தோட்டத்துத் துயரங்கள் பலவற்றை நம் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பயிர் மாறியதால் ஒரு பெண்ணின் ஒரு மணி நேரம் காணாமற்போன கதையை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

1997-இல் பல்கலைக்கழகம் வந்தேன். விரிவுரை மண்டபத்தின் குளிர்சாதனம் உங்களுக்குத் தெரிந்ததுதானே! அம்மா பெட்டியின் அடியிலிருந்து ஒரு சட்டையைத் தேடி எடுத்து, பிரித்துப் பெரிதாக்கிப் பின்னித் தந்திருந்தார். வெள்ளை நூலில் பால் கோடு. முதல் பருவத்தில் ஒரு நாள் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி, "அழகா இருக்கே, எங்கே வாங்கினே?" என்று கேட்டாள். "கே.எல்.லில், கடையில்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தோட்டம், அம்மா, மிதிவண்டிக் கம்பி என்று தொடங்கினால் எங்கே போய் முடியுமோ என்ற அச்சம்தான். கேட்டவளும் தோட்டத்திலிருந்து வந்தவள் என்பது இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது.

அதே காலத்தில் நூலகத்தில் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. ஆந்திராவின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதி 1982-இல் வெளிவந்த ஆய்வு. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் கொண்டுவந்த கொக்கிப் பின்னல் அங்கே ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. பின்னுகிற பெண்களை யாரும் தொழிலாளர் என்று சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றே கணக்கு. நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் அவர்கள் பின்னியதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. கூலி சொற்பம். படித்து, குறிப்பெடுத்து, கட்டுரை எழுதி, நல்ல புள்ளியும் வாங்கினேன். அந்தக் கட்டுரையை எழுதிய இரவில் நான் போட்டிருந்தது அம்மாவின் சட்டை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி அப்போது வரவில்லை. (நரசாப்பூர்ப் பின்னலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோதுதான் அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்து கூசியது.)

படிப்பு, ஆசிரியர் பணி, திருமணம், மகள், பிறகு மகன். இவற்றை ஒரே வரியில் கடக்கிறேன்; உங்கள் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். இப்போது புக்கிட் ரோத்தானில் குடியிருக்கிறோம். அம்மா எங்களோடு இருக்கிறார். கணவருக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை, ஷிப்டு. 2011-இல் ஈஜோக்கிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு அவருக்குப் பயணம் குறைந்தது. வீட்டு வேலையில் அவர் பங்கு கூடியது என்று எழுத ஆசைதான். துணி காயப்போடுவார். அதுவரைக்கும் சொல்லலாம்.

மகன் வயிற்றில் இருந்தபோது மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். அம்மாவிடம் கம்பிகளைக் கேட்டு மறுபடி கற்றுக்கொண்டேன். 2017-இல் ஒரு யோசனை வந்தது. பின்னல் மாதிரிகளை எழுதி இணையத்தில் விற்கிறார்களே. 2007-இல் தொடங்கிய ரேவல்ரி போன்ற தளங்களில் உலகெங்கும் உள்ளவர்கள் வாங்கிப் பின்னுகிறார்களே. நாமும் எழுதினால் என்ன? அரசு ஊழியர் வெளிவேலை செய்ய எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். விண்ணப்பித்து வாங்கினேன்.

சட்டை பின்னுவது வேறு, மாதிரி எழுதுவது வேறு. இது எனக்குப் புரியவே ஓராண்டு பிடித்தது. பின்னும்போது தவறு வந்தால் கை சரிசெய்துகொள்ளும். அம்மாவிடம் "இங்கே எத்தனை கண்ணி குறைக்கணும்?" என்று கேட்டால், "புள்ளையோட தோளப் பாத்துக் கொறைக்கணும்" என்பார். நார்வேயிலோ கனடாவிலோ இருக்கும் முகம் தெரியாத ஒருத்திக்கு அப்படி எழுத முடியுமா? தோளைப் பார்ப்பதை எண்ணாக மாற்ற வேண்டும். அதுவும் ஒரே அளவுக்கு அல்ல. இரண்டு வயது, நான்கு வயது, ஆறு வயது, எட்டு வயது என்று ஒவ்வோர் அளவுக்கும். பிள்ளை வளரும்போது மார்பும் கையும் கழுத்தும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. எலிசபெத் ஸிம்மர்மன் என்றோர் ஆங்கிலேயப் பெண்மணி. அமெரிக்காவில் குடியேறி, மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பின்னல் மாதிரிகளை எழுதியவர். 1958-இல் சொந்தச் செய்தி மடலைத் தொடங்கினார். 1971-இல் அவருடைய முதல் புத்தகம் வந்தது. மார்புச் சுற்றின் கண்ணிகளை 100 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மணிக்கட்டுக்கு ஏறக்குறைய 20, மேற்கைக்கு 33 என்று எல்லாவற்றையும் விழுக்காட்டில் சொன்னவர் அவர். கணக்காசிரியைக்கு இதைவிடத் தேன் எது? ஆனால் அவருடைய விழுக்காட்டையும் அம்மாவின் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குத்தான் சற்றே ஏமாற்றம்.

நேரம்? காலை ஐந்து மணிக்கு எழுந்தால் பிற்பகல் இரண்டரைவரை பள்ளி. அதன்பிறகு சமையல், திருத்தும் வேலை, பிள்ளைகளின் பாடம். வாரத்தில் மூன்று மாலை மகளைக் கோல சிலாங்கூர்ப் பட்டணத்தில் டியூஷனுக்கு விட்டுவிட்டு, புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் காரை நிறுத்தி ஒன்றரை மணி நேரம் காத்திருப்பேன். அதுதான் என் பின்னல் நேரம். மடியில் கட்டம் போட்ட கணக்குப் புத்தகம், பக்கத்து இருக்கையில் நூல், மகன் பின்னிருக்கையில். மெலாவத்திக் குன்றின் வெள்ளிக் குரங்குகள் கார் மேல் ஏறி உட்காரும். பெரியவை சாம்பல் நிறம். குட்டிகள் மட்டும் பிறக்கும்போது நல்ல ஆரஞ்சு நிறம், சில மாதங்களில் அதுவும் சாம்பலாகிவிடும். இதைப் பார்த்துத்தான் ஆரஞ்சுக் குல்லாயும் சாம்பல் போர்வையுமாக ஒரு குழந்தைத் தொகுப்பை வரைந்தேன், நன்றாக அமைந்தது. கம்போங் குவாந்தான் மின்மினிகளைச் சால்வையாக்க முயன்றது அப்படியல்ல. கறுப்பு நூலில் மஞ்சள் குமிழ் வைத்தேன். பார்த்தவுடன் மகள், "அம்மா, சால்வைக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள். பிரித்துவிட்டேன்.

முதலில் வெளியிடத் தேர்ந்தது பால் கோடு சட்டையைத்தான். 2019-இல் வெளியிட்டேன். அந்த ஆண்டு நாட்டில் டெங்கி 130,000 பேருக்கு மேல் கண்டது. அதில் என் ஆறு வயது மகனும் ஒருவன். மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தோம். வெளியிடும் தேதியை முன்பே அறிவித்திருந்தேன். தள்ளிப்போட்டிருக்கலாம், யாரும் அடிக்கப் போவதில்லை. ஆனால் இரண்டாண்டு உழைப்பு, இன்னும் ஒரு வாரம் போனால் பள்ளித் தேர்வு, அதுவும் போனால் ஆண்டிறுதி என்று மனம் கணக்குப் போட்டது. கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் அவன் நெற்றியைத் தொட்டுக்கொண்டு, மறுகையால் அளவு அட்டவணையை முடித்தேன். கணக்கைச் சரிபார்த்துத் தர ஆள் உண்டு, கட்டணம் கேட்பார்கள். கணக்காசிரியைக்கு எதற்குச் சரிபார்ப்பவர் என்ற திமிர் வேறு!

இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு என்று பதினொன்று. ஆறு வயது அளவில் பின்னியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்று முடியும் இடத்தில் கோடு ஒட்டவில்லை. ஒருவர் மூன்று முறை பிரித்துப் பின்னியிருந்தார். தன் கையில்தான் தவறு என்று நினைத்தாராம். அதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு பார்க்கிறேன், மூளை ஓடவில்லை.

அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். "என்னம்மா இன்னும் தூங்கல?" என்றார். அட்டவணையைக் காட்டி, இந்த அளவில்தான் சிக்கல், 140 கண்ணி என்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்த பட்டாணியை எடுத்து மேசையில் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூறு வைத்தார். பதினொரு கூறு முடிந்தது, எட்டு மிஞ்சியது.

"இது எப்படி சேரும்? இன்னும் நாலு போடு" என்றார்.

இரண்டு வயதுக்கு 120, நான்கு வயதுக்கு 132. இரண்டும் பன்னிரண்டால் வகுபடும். ஆறு வயதுக்கு 70 சென்டிமீட்டர் என்று அளவுக் கணக்கில் 140 வந்தது. அதை 144 ஆக்கியிருக்க வேண்டும். படிவம் ஒன்று மாணவன் செய்தால் சிவப்பு மையால் வட்டம் போடுவேன்.

பட்டாணியைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டே அம்மா தாளில் இருந்த படத்தைப் பார்த்தார். "இது பால் கோடு இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "கீழ என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார். வடிவமைப்பு என்று போட்டு என் பெயர் இருந்தது. என் பெயர் மட்டும். படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. மறுவாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தபோது, அம்மா அந்தத் தாளை எடுத்துக் காட்டி, "எங்க பொண்ணு கண்டுபுடிச்ச டிசைனு. வெள்ளக்காரங்கள்லாம் காசு குடுத்து வாங்குறாங்க" என்றார். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 1997-இல் அந்தச் சட்டையைக் கடையில் வாங்கியதாகச் சொன்னவள் நான். 2019-இல் அதையே நான் உருவாக்கியதாக எழுதியவளும் நான்தான். இரண்டு முறையும் அம்மாவை விட்டுவிட்டேன். முதல் முறை வெட்கத்தால். இரண்டாம் முறை, நினைத்துப் பார்க்கவே இல்லை. எண்ணாக மாற்றியது நானல்லவா, உழைத்தது நானல்லவா என்ற எண்ணம். அதுவும் உண்மைதான் என்பதுதான் சிக்கல்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன்: "பேரை மாத்தப் போறேன்மா. உங்க பேரைப் போடணும்."

"என் பேரு எதுக்கு? நான் சும்மா ஒக்காந்திருந்த நேரத்துல பின்னுனது" என்றார்.

சும்மா உட்கார்ந்திருந்த நேரம்! நரசாப்பூர்ப் பெண்களைப் பற்றிச் சொல்லப்பட்டதும் இதுதானே. வாதாடினேன். கடைசியில், "போடுறதுன்னா கிராணி வூட்டம்மா பேரையும் போடு. குமிழு அவங்க சொல்லிக் குடுத்தது. கோடுதான் நான்" என்றார். கிராணி வீட்டம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. பத்தாண்டுக்கு மேல் அவர் வீட்டில் துணி துவைத்திருக்கிறார். 'அம்மா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் குடும்பம் எப்போதோ தோட்டத்தை விட்டுப் போய்விட்டது.

திருத்திய பதிப்பில் இப்போது இப்படி இருக்கிறது: பால் கோடு என் அம்மாவுடையது, குமிழ் அவருக்குக் கற்றுத்தந்த தோட்டத்துக் கிராணி வீட்டு அம்மாவுடையது, அளவுகளும் எழுத்தும் என்னுடையவை. 144-ஐயும் சரிசெய்து, வாங்கிய எல்லாருக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். மூன்று முறை பிரித்தவர் முடித்த சட்டையின் படத்தை அனுப்பியிருந்தார். பனியில் நிற்கும் ஒரு பையன். அம்மா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கை கொஞ்சம் நீளம்" என்றார்.

"இதில் எவ்வளவு வருகிறது?" என்று கணவர் ஒருமுறை கேட்டார். குறை சொல்லும் குரலில் இல்லை, அறிந்துகொள்ளத்தான். கணக்குப் போட்டேன். முதல் ஆண்டில் 63 பிரதிகள் விற்றன. கட்டணங்கள் போக ஏறக்குறைய 1,400 ரிங்கிட். செலவிட்ட நேரம், குறித்து வைத்த வரை, 180 மணி. ஒரு மணிக்கு எட்டு ரிங்கிட்கூட இல்லை. அந்த ஆண்டு சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 5 ரிங்கிட் 29 சென். "பரவாயில்லையே, சட்டத்துக்கு மேலேதான் இருக்கு" என்றார். சிரித்துவிட்டோம். அதில் பாதியை அம்மாவின் கணக்கில் போடுகிறேன். என்ன பணம் என்று கேட்கிறார், சொல்கிறேன், மறுபடி அடுத்த மாதம் கேட்கிறார்.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு, குடும்பத்தையும் வேலையையும் பார்த்தால் போதாதா என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். சரியாகத் தூங்காமல் மறுநாள் வகுப்பில் எரிந்து விழுந்த நாள்கள் உண்டு. அது மாணவர்களுக்குச் செய்த அநியாயம்தான். பிறகு பள்ளி நாள்களில் இரவு பத்து மணிக்கு மேல் பின்னுவதை விட்டுவிட்டேன். வெளியீட்டுத் தேதி அறிவிப்பதையும் விட்டுவிட்டேன். ஆண்டுக்கு ஒரு மாதிரி வந்தால் போதும். சில ஆண்டு அதுவும் வருவதில்லை.

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த மறுவாரமே கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். அத்தையின் பேரனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. இன்னும் கேமரன் மலையில்தான் இருக்கிறார்கள். அளவை வாட்ஸ்அப்பில் சென்டிமீட்டரில் அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. நான் டேப்பை வைத்து அளந்து, ஒரு நூலை வெட்டி, மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அவர் உடல் பகுதியைப் பின்னுகிறார். கைகள் என் பொறுப்பு. நேற்று டியூஷன் வாசலில் காத்திருந்த நேரத்தில் ஒரு கையை முடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி விரலால் தடவி எண்ணிப் பார்த்துவிட்டு, "மணிக்கட்டுல ரெண்டு கண்ணி கூட இருக்கு, பிரிச்சிடு" என்றார். விழுக்காட்டின்படி சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.